குரல் ஏன் கம்மியது?

கேள்வி: 108 ஆம்புலன்சில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளராக) வேலை பார்க்கிறேன். போன மாதம் ஓர் இரவு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான இளம்பெண்ணை ஏற்றினோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். நெற்றியில் வெட்டுக்காயம், கையில் பழைய கன்றிப்போன தடம். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. சளி பிடித்திருந்ததோ என்னவோ, குரலும் கம்மியிருந்தது. கணவரும் கூடவே ஏறிக்கொண்டார், கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அடி வாங்கியிருப்பாரோ என்று சந்தேகம். ஆனால் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் எப்படித் தலையிடுவது? அன்றிலிருந்து மனசே சரியில்லை.
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் மனசை அப்புறம் பார்க்கலாம். 'சளி பிடித்திருந்ததோ என்னவோ' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பகீரென்றது. வழுக்கி விழுந்தால் நெற்றி கிழியும், மணிக்கட்டு முறியும். குரல் எப்படிக் கம்மும்?

கழுத்தை நெரித்தால் கம்மும். எச்சில் விழுங்க வலிக்கும். கண் வெள்ளையிலும் இமைக்கு உள்ளேயும் ஊசி குத்தியது மாதிரி ரத்தப் புள்ளிகள் தெரியும். பல சமயம் கழுத்துத் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் உள்ளே வீக்கம் ஏறி, சில மணி நேரம் கழித்து மூச்சுக்குழாய் அடைக்கலாம். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, நாலு நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். இமையை இழுத்துப் பார்த்தீர்களா? விழுங்க முடிகிறதா என்று கேட்டீர்களா? நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, படிவத்தில் 'கீழே விழுந்த காயம்' என்று கணவர் சொன்னதையே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

ஒருமுறை கழுத்தில் கை வைத்தவன் அதோடு நிறுத்துவான் என்று நம்பாதீர்கள். அப்படி நெரிக்கப்பட்ட பெண் அதே ஆளால் பின்னால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்கு என்று 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இதையா குடும்ப விஷயம் என்கிறீர்கள்? குடும்பம் உடையக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் பல வருஷமாக வாதாடுகிறவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், பெண்டாட்டியின் கழுத்தைப் பிடிக்கிறவன் வீட்டில் காப்பாற்ற வேண்டியது அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும். அவன் மானத்தை இல்லை.

சரி, இனி என்ன செய்வது? முதல் வேலை, அவளைத் தனியாக்குவது. கணவனை முன்சீட்டில் பைலட் (டிரைவர்) பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 'பின்னால் எனக்கு இடம் வேண்டும்' என்றால் போதும். முடியாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் ஓ.பி. சீட்டு போட அனுப்புங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் நேராகக் கேளுங்கள்: "அம்மா, யாராவது அடித்தார்களா? கழுத்தைப் பிடித்தார்களா?" சுற்றி வளைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடி உதையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் நூற்றுக்கு 77 பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கேட்க ஆளிருந்தால் சிலராவது வாய் திறப்பார்கள்.

'இல்லை' என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அந்த வீட்டில் இருக்கும்போது அவள் ஆயிரம் கணக்குப் போடுவாள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாயால் மட்டும் சொல்லுங்கள். பையில் சீட்டு வைத்தால் அதற்கும் அடி விழும். ஆவேசத்தில் அவனிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அவனோடு வீடு திரும்பப்போவது அவள்.

டூட்டி டாக்டரிடம் ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "குரல் கம்மியிருக்கிறது, கழுத்தைப் பாருங்கள்." அவள் ஏதாவது சொல்லியிருந்தால், சொன்ன வார்த்தை மாறாமல் உங்கள் படிவத்தில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போதும் அதுவே ஏற வேண்டும். நாளைக்கு அவள் கோர்ட்டுக்குப் போனால் கையில் இருக்கப்போகிற சாட்சி அந்தக் காகிதம். போக்கிடம் இல்லாதவளுக்குத் தங்க இடமும் சட்ட உதவியும் தர 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. 181இல் கேட்டால் வழி சொல்வார்கள்.

தலையிட உரிமை உண்டா என்று கேட்டீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 4ஆம் பிரிவைப் படியுங்கள். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தால் உங்கள் மேல் சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது. ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையில்லை.

அந்தப் பெண் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வாரமே உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். குரல் கம்மியதையும் கையில் இருந்த பழைய தடத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். தகவல் போனது கணவனுக்குத் தெரியக் கூடாது, அவன் இல்லாத நேரத்தில் அவளிடம் பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டு வாசலுக்கு நீங்கள் போகாதீர்கள்.