வீட்டை விடுவதும் நிலத்தை விடுவதும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்,

காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 68. அப்பா வைத்துவிட்டுப் போன 4 ஏக்கர் தோட்டம், அதிலேயே வீடு. 3 ஏக்கரில் பெங்களூரா மா, மீதியில் தென்னையும் கொஞ்சம் ராகியும். மகன் பெங்களூருவில், மகள் ஓசூரில். எனக்குச் சர்க்கரை. இருட்டிவிட்டால் வண்டி ஓட்டுவதில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. ஊருக்குள் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, தோட்டத்துக்கு வராது. தருமபுரியில் இரண்டு அறை வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கிறேன். பங்காளிகள், "அப்பன் பாட்டன் பூமிய உட்டுட்டுப் போறியே" என்கிறார்கள். எல்லாவற்றையும் விற்று ஓசூரில் ஃப்ளாட் வாங்கலாம், இல்லையென்றால் இப்போதே தன் பேருக்கு எழுதிக் கொடுங்கள் என்கிறான் மகன். ராத்திரி தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

போய்விடுங்கள். ஆனால் நிலத்தை இப்போது விற்காதீர்கள், யாருக்கும் எழுதியும் கொடுக்காதீர்கள். வீடு மாறுவது ஒரு முடிவு, நிலத்தை என்ன செய்வது என்பது வேறொரு முடிவு. பங்காளிகளும் மகனும் பேசுவதெல்லாம் நிலத்தைப் பற்றி. உங்கள் தூக்கம் கெடுவது வீட்டினால்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். மகன் சொன்னது இருக்கிறது, பங்காளிகள் சொன்னது இருக்கிறது. வீட்டில் அம்மா, உங்கள் மனைவி, என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. தோட்டத்து வீட்டை நடத்துகிறவர் அவர்தானே. நம் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளை நான் அறிவேன். உயரமான திண்ணை, அதற்கு ஏறப் படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கக்கூஸ் வாசலைத் தாண்டி மாட்டுக்கொட்டகை ஓரம். விடிகாலையில் வாசல் தெளிக்க, சாணம் அள்ள, வெந்நீர் அடுப்பு மூட்ட என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டும். ராத்திரி எழுந்தால் பாம்புக்குப் பயந்து டார்ச் லைட்டைத் தேட வேண்டும். தோப்புக்கு ஆள் வைக்கிறோம். இந்த வேலைக்கு யாரும் ஆள் வைப்பதில்லை.

அவரிடம் கேளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. "எனக்கென்ன, நீங்க எங்கயோ நானும் அங்கதான்" என்றுதான் முதலில் சொல்வார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். மாட்டையும் அக்கம்பக்கத்தையும் விட்டுவர அவருக்கு மனமில்லாமலும் இருக்கலாம். அப்படியானால் நான் முதலில் எழுதிய வார்த்தையை எடுத்துவிடுங்கள். படிக்கு ஒரு கைப்பிடி, வீட்டுக்குள்ளேயே ஒரு கழிவறை என்று ஆரம்பிக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். சமையலுக்கு எந்தத் தண்ணீர்? தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். குடிக்க ஊர்க்குழாயில் பிடித்துவந்து, சோற்றுக்கும் குழம்புக்கும் களிக்கும் போர் தண்ணீரை வைக்கிற வீடுகள் இன்றும் நிறைய. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லைக் கெடுக்கும், அதற்கும் மேலே கூடக்கூடப் பல்லோடு நிற்காது, வருஷக்கணக்கில் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர் பார்க்கட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். போகிறீர்களோ இல்லையோ, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இனி நிலம். மாந்தோப்புக்கு நீங்கள் அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை. பூ பிடித்ததும் அந்தப் பருவத்து மகசூலை மட்டும் வியாபாரிக்குப் பேசிவிடலாம், நம் ஊரில் பலரும் செய்வதுதான். 2025-இல் பெங்களூரா விலை விழுந்ததைப் பார்த்தோம், ஆகையால் பேசிய தொகையில் பெரும்பங்கை முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காயை விற்பதற்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ஆம் வருஷச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, நினைத்தபோது அவரை வெளியேற்ற முடியாது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால் ராகி நிலத்தை வாய்ப்பேச்சில் ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

மகன் கேட்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு அவருக்கும் இருக்கும். ஆனாலும் சொத்தை அவர் பேருக்குச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிப் பதிந்துவிட்டால் நினைத்தபோது நீங்களாக ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், உங்கள் இருவர் ஆயுள் வரை அனுபவ உரிமை உங்களுக்கே என்பதையும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில், பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரி பலமாக நிற்கும். மகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அவர் ஓசூரில் இருக்கிறார் என்பதோடு சரி.

பின்னால் ஒரு பகுதியை விற்க நேர்ந்தால், கிணற்றுப் பங்கு, மோட்டாரின் மின் இணைப்பு, வண்டித்தடம் மூன்றும் யாருக்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் தடத்துக்காகத்தான்.

பங்காளிகள் சொல்வது உங்களைக் குத்துகிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓசூர் கம்பெனிகளிலும் பெங்களூரு கட்டட வேலையிலும் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மழை பொய்க்கிற மாவட்டம், பிழைக்கப் போனார்கள். உடம்பு முடியாமல் பேருந்து தூரத்துக்கு நகரும் உங்களுக்கு அந்த நியாயம் இல்லாமல் போகுமா?

தருமபுரியில் வீடு வாங்க அவசரப்பட வேண்டாம், முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள். தரைத்தளமாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் சட்டென்று போகிற இடமாகப் பாருங்கள். கார்த்திகைக்குள் குடிபோய்விட்டால் நல்லது. மார்கழியில் நீங்கள் வீடு மாற மாட்டீர்கள். தையில் தோப்பு பூத்துவிடும், வியாபாரிகள் வருவார்கள், ஆனியில் காய் இறங்கும்வரை உங்களுக்கு நகர மனம் வராது. அப்புறம் ஆடி.