பழைய லப்டொப்பின் பைல்கள் புதியதில் திறக்கவில்லையா?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். பழைய லப்டொப் பழுதாகிவிட்டது. அதிலிருந்த வினாத்தாள்கள் எல்லாம் விண்டோஸின் ‘பைல் ஹிஸ்டரி’ மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகியிருக்கின்றன. புதிய லப்டொப்பிலும் பழைய பெயரிலேயே கணக்குத் தொடங்கினேன். ஆனாலும் போல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது. ஹட்டனில் ஒரு கடையில் ‘டேட்டா ரிக்கவரி’ செய்யவேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், டீச்சர். ரிக்கவரி என்பது அழிந்துபோன பைலுக்கும் அடிபட்ட டிஸ்க்குக்கும் செய்கிற வேலை. உங்கள் பைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

விண்டோஸ் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு நீண்ட இலக்கம் கொடுத்து வைத்திருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் அடையாள அட்டை இலக்கம் வேறுதானே, அதுபோலத்தான். டிஸ்க்கில் எழுதியிருப்பது பழைய கணக்கின் இலக்கம். அதனால் புதிய லப்டொப்புக்கு நீங்கள் வேற்றாள்.

போல்டரைத் திறக்கும்போது ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன் வந்தால் அதை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் போல்டரில் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போங்கள். மேலே ‘ஓனர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’ இருக்கும். அதில் உங்கள் புதிய கணக்கின் பெயரை அடித்து, ‘செக் நேம்ஸ்’ அழுத்தி, ஓகே கொடுங்கள். பிறகு ஓனர் வரிக்குக் கீழே புதிதாக ஒரு சிறு கட்டம் தோன்றும். அதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் மேல் போல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே இருப்பவை பழையபடி பூட்டியே கிடக்கும். பைல்கள் அதிகமென்றால் நேரமெடுக்கும். மழை நாளில் கரன்ட் போகலாம், பேட்டரியை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

டிஸ்க்கைச் செருகியதும் ‘போர்மட் செய்யவா’ என்று கேட்டால் மட்டும் கைவைக்காதீர்கள். அது வேறு கோளாறு. அப்போது கடைக்குப் போவதில் நியாயம் உண்டு. 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டால் டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கீ உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கீ இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது.

சரி, திறந்துவிட்டது. உள்ளே ஒரே வினாத்தாள் பல தடவை இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் திருத்திய பைலையெல்லாம் பைல் ஹிஸ்டரி புதுப் பிரதியாக எடுத்து, பெயரின் கடைசியில் திகதியும் நேரமும் சேர்த்து வைக்கும். ‘தரம் 8 கணிதம் (2025_03_12 09_40_15 UTC)’ என்றிருந்தால் அது 2025 மார்ச் 12ஆம் திகதிப் பிரதி. நேரம் மட்டும் நம்முடையது அல்ல, உலகப் பொது நேரம் (UTC). ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள், பிற்பகல் 3.10 வரும். பெயர் வரிசையில் அடுக்கினால் ஒவ்வொரு பைலுக்கும் கடைசியாக நிற்பதுதான் புதியது. திருத்தாத பைலுக்குப் பழைய திகதியே இருக்கும், அதைத் தவறவிட்டுவிடாதீர்கள். வேண்டியவற்றைப் புதிய லப்டொப்புக்குக் கொப்பி செய்து, திறந்து பார்த்து, அப்புறம் பெயரைத் திருத்துங்கள். அதுவரை அந்த டிஸ்க்கில் புதிதாக பேக்கப் எதுவும் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. வினாத்தாளைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தால் பைல் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். எழுத்துருவைப் பைல் ஹிஸ்டரி சேமிப்பதில்லை. பாடசாலைக் கணினியில் பாமினி இருந்தால், அதன் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள ‘பொண்ட்ஸ்’ போல்டரிலிருந்து அந்தப் பைலைப் பென் டிரைவில் எடுத்துவந்து, வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டோல்’ கொடுங்கள். வேர்ட்டை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். அடுத்த தவணை வினாத்தாளை யூனிகோடில் அடித்தால் இந்த வேலையே இருக்காது.