வெளிநாட்டுக் கிராமங்களில் குடிநீர், கழிப்பறைப் பணிகளுக்குத் தன்னார்வலராகப் போக விரும்புகிறேன். இரண்டு வாரத் திட்டம் போதுமா?

போதாது. கல்லூரி முடித்த கையோடு அயல்நாடு ஒன்றில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் என்னால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போகலாம், கழிப்பறை பற்றிப் பெண்களிடம் யார் பேசினால் சரியாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே அந்த நாள்கள் போய்விட்டன.

எனக்குக் கிடைத்த வேலை நீர்ப் பரிசோதனை. பொதுக்குழாயில் குளோரின் கலந்த நீர் வந்தது. சிறு கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து டி.பி.டி. மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழாயடியில் நல்ல நிறம் வந்தது. அங்கிருந்து பிடித்துப்போன நீரையே ஒரு வீட்டுப் பானையிலிருந்து எடுத்துச் சோதித்தேன். மாத்திரை கரைந்தது, நிறம் வரவில்லை. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அகன்ற வாய்ப் பானை, மூடி இல்லை, குழந்தைகள் குவளையோடு கையையும் சேர்த்து விட்டு முகந்தார்கள். நேரம் ஆக ஆகக் குளோரின் தானாகவே குறையும். அழுக்குக் கை பட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும். குழாய்வரை பத்திரமாக வந்த நீர் வீட்டுக்குள் வந்து கெட்டுக்கொண்டிருந்தது.

நான் சொல்லி எதுவும் மாறவில்லை. அந்த ஊர் சுகாதாரப் பணியாளர் அந்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். குழாய் நீரையும் பானை நீரையும் அருகருகே வைத்து, அந்தந்த வீட்டுப் பெண்ணையே மாத்திரையைப் போடச் சொன்னார். நான்காவது மாதத்தில்தான் மூடியும் திருகு குழாயும் வைத்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கின. என் பங்கு, சோதிக்கக் கற்றுக்கொடுத்ததும் கணக்கு எழுதியதும்தான். அதில் எனக்கு நிறைவே.

ஆகவே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நான் கிளம்பிய பிறகு இந்த வேலையை யார் செய்வார்கள்? அடிபம்பு போட்டுத் திறப்பு விழா நடத்துவது எளிது. பல நாடுகளில் உள்ள இந்தியா மார்க் 2 பம்பில், தேய்ந்த வாஷரை மாற்றவே துளைக்குள் இறக்கிய குழாய்களை எல்லாம் மேலே தூக்க வேண்டும். கருவி, உதிரிபாகம், பழகிய ஆள், ஊர்க்குழுவின் கையில் கொஞ்சம் பணம் எல்லாம் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் அமைப்பு, உங்களை அழைத்துப்போய்க் குழி வெட்டவிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடும். குழி வெட்ட உள்ளூரிலேயே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலி அவர்களுக்குப் போகட்டும்.

பங்கேற்புக் கட்டணம் கேட்டால், அதில் எவ்வளவு கிராமத்துக்குப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை. களப்பணிக்கு வாழ்க்கைப்படி தருகிறது. குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருந்த இடத்திலிருந்தே இணையம்வழி செய்யும் பணிகளும் உண்டு. வரைபடம், தரவு, மொழிபெயர்ப்பு தெரிந்தவர்கள் அங்கே தொடங்கலாம்.

போவது உறுதியானால், ‘இந்தத் தண்ணீரை எப்போது பிடித்தீர்கள்?’ என்று அந்த ஊர் மொழியில் கேட்க இப்போதே பழகுங்கள். பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.