இயற்கையைக் கெடுக்காத, மரபு மாறாத மலைக் கிராமம் ஒன்றில் ஊர் மக்களோடு தங்க வேண்டும். ரிசார்ட் வேண்டாம். எங்கே போகலாம்?

கொனோமாவுக்குப் போங்கள். நாகாலாந்தில், கோஹிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் அங்காமி நாகர்களின் ஊர். இரண்டு வருடம் முன்பு நவம்பர் கடைசியில் நான், மனைவி, அப்பா மூன்று பேரும் போய் நான்கு இரவு தங்கினோம்.

அதற்கு முந்தைய வருடம் நம் பக்கத்து மலை ஒன்றில் 'பசுமைக் கிராமம்' என்று விளம்பரம் செய்த ஓர் இடத்தில் தங்கியிருந்தோம். ஓலைக் கூரை, மண் சுவர், கயிற்றுக் கட்டில் எல்லாம் இருந்தது. தண்ணீர் மட்டும் தினமும் கீழேயிருந்து லாரியில் வந்தது. அந்த மலையில் பிறந்தவர்கள் அங்கே அறை கூட்டும் வேலையில் மட்டும் இருந்தார்கள். அப்பா இரண்டாம் நாளே "ஊருக்குப் போகலாம்டா" என்றார். கொனோமாவில் நாங்கள் கிளம்பும் நாளில், இன்னும் இரண்டு நாள் இருக்கலாமா என்று கேட்டவரும் அவர்தான்.

கேள்வியில் 'மரபு மாறாத' என்று எழுதியிருக்கிறீர்கள். கொனோமாவில் மரபு மாறியிருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஊரே உட்கார்ந்து பேசி மாற்றியிருக்கிறார்கள். நான் அந்த ஊரைச் சொல்வதற்குக் காரணமே அதுதான்.

நாகர்களுக்கு வேட்டை என்பது பொழுதுபோக்கு இல்லை. உணவு, ஆண்மை, பெருமை எல்லாம் அதில்தான் இருந்தது. பழைய வீடுகளின் முகப்பில் இன்றும் மிதுன் மாட்டின் மண்டையோடுகளும் காட்டு விலங்குகளின் தலைகளும் வரிசையாகத் தொங்குகின்றன. பிளைத்ஸ் ட்ரகோபான் என்று ஒரு பறவை, காட்டுக்கோழி இனம். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செக்கச்செவேல், முகம் மட்டும் மஞ்சள். நாகாலாந்தின் மாநிலப் பறவை அது. 1993இல் ஒரே வாரத்தில் இந்தப் பறவைகள் சுமார் 300 இந்த ஊரில் வேட்டையாடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அதே ஊர் 1998இல் ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் காட்டை ட்ரகோபான் சரணாலயமாக அறிவித்தது. வேட்டைத் தடை சரணாலயத்துக்குள் மட்டும் இல்லை, ஊருக்குச் சொந்தமான மற்ற காடுகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தத் தடையை வனத்துறை கொண்டுவரவில்லை, கிராம சபை கொண்டுவந்தது. நாகாலாந்தில் பெரும்பாலான காடு அரசின் கையில் இல்லை. ஊருக்கும் குலத்துக்கும் குடும்பத்துக்கும்தான் சொந்தம். நில உரிமையிலும் வழக்காற்றுச் சட்டத்திலும் நாடாளுமன்றச் சட்டம் தானாகச் செல்லாது என்று அரசியலமைப்பின் 371ஏ பிரிவு சொல்கிறது. சொந்தக் காடு என்பதால் அழிக்கவும் முடியும், காக்கவும் முடியும். நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர், தடையை எதிர்த்தவர்களில் தானும் ஒருவர் என்றார். "என் அப்பா வேட்டைக்காரர், தாத்தா வேட்டைக்காரர், என்னை மட்டும் ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று சண்டை போட்டேன்." எப்போது மனசு மாறியது என்று கேட்டேன். ஒரு காலையில் எந்தப் பறவைச் சத்தமும் கேட்காமல் கண் விழித்தது நினைவிருக்கிறது என்றார். துப்பாக்கி இன்னும் வீட்டில்தான் இருக்கிறதாம்.

நாங்கள் ட்ரகோபானைப் பார்க்கவில்லை. பார்ப்பது அரிது, அதற்காகவே போகிறவர்கள் நிறைய நாள் ஒதுக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் அந்தக் காட்டில் கேட்ட சத்தம் போதும் எனக்கு.

வேட்டையை விட்ட அதே ஊர் விடாமல் பிடித்துக்கொண்டது ஆல்டர் மரத்தை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா அந்த நான்கு நாளில் பாதியை இந்த மரங்களுக்கு அடியில்தான் கழித்தார்.

வடகிழக்கு மலைகளில் ஜூம் விவசாயம் என்பார்கள். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, ஒன்றிரண்டு வருடம் பயிர் செய்துவிட்டு வேறு சரிவுக்குப் போய்விடுவது. விட்ட நிலம் பழையபடி காடாவதற்குப் பல வருடம் ஆகும். ஆள் பெருகப் பெருக அந்த இடைவெளி சுருங்கும், மண் செத்துப்போகும். கொனோமாக்காரர்கள் ஆல்டரை அடியோடு வெட்டுவதில்லை. மரம் ஆறேழு வருடம் வளர்ந்து பட்டை சொரசொரப்பானதும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தலையை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் மண்ணைப் பூசி மேலே ஒரு கல்லை வைக்கிறார்கள். தண்டு வெடிக்காமல், துளிர் பக்கவாட்டில் வருவதற்காக. பருத்த கிளை விறகுக்கு, தழையும் சுள்ளியும் அந்த நிலத்துக்கே. பிறகு மரங்களுக்கு நடுவில் மக்காச்சோளம், தினை, உருளைக்கிழங்கு, மிளகாய், பூசணி என்று இரண்டு வருடம் பயிர். அப்புறம் நாலைந்து துளிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட்டு, இரண்டு முதல் நான்கு வருடம் நிலத்துக்கு ஓய்வு.

ஆல்டரின் வேர் முடிச்சுகளில் வாழும் ஒரு நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கிறது, நம் பயறு வகைகளின் வேர் செய்வதைப் போலவே. அதனால்தான் இவ்வளவு குறுகிய சுற்றிலும் மண் தாங்குகிறது. சரிவில் மண் அரித்துப் போகாமலும் அந்த வேர்களே பிடித்துக்கொள்கின்றன. அங்கே இருநூறு வயதைத் தாண்டிய ஆல்டர் மரங்கள் உண்டு. அடிமரம் பெரிய உரல் போலப் பருத்து, முண்டும் முடிச்சுமாக, தலையில் மட்டும் இளங்கிளை விட்டு நிற்கும். தாத்தா தலையில் பேரன் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றாள் மனைவி.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். வயலில் நின்றால் கொல்லிமலை தெரியும். அப்பாவின் சின்ன வயதில் அந்த மலையிலிருந்து சாமையும் தினையும் இறங்கும். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி என்று ஆனதும் பல சரிவுகளில் அதுதான் பயிர். அதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் என்பதால் கொனோமாவின் சரிவுகளை அவர் பார்த்த பார்வையே வேறு. வீட்டுப் பெரியவருக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. நான் இடையில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. "நம்ம வாதநாராயணன் மாதிரிடா இது. நாம தழைக்கு வெட்டுறோம்ல, அதேதான். ஆனா இவங்க கணக்கு வச்சு வெட்டுறாங்க" என்றார். ஊர் திரும்பியதும் வரப்பில் இருந்த ஒரு வாதநாராயணனைத் தலையுயரத்தில் வெட்டி, மண் பூசி, கல்லும் வைத்தார். துளிர்த்திருக்கிறது.

கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிவயல்கள், எல்லாம் நெல். மேலே ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மூங்கில் குழாயில் தண்ணீர் இறக்குகிறார்கள். நாங்கள் போனபோது அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாக இருந்தது. பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டும், ஆனால் மழையில் மலைச் சாலை சரிந்து கிடக்கும். நான் நவம்பரையே சொல்வேன்.

ஊருக்குள் போகும்போது கல் வாசலும் கோட்டை மேடும் கண்ணில் படும். இந்தச் சின்ன ஊர் ஆங்கிலேயரோடு 1850இலும் 1879இலும் போரிட்டது. 1879 அக்டோபரில் டாமன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் படை வந்தது, ஊர் மேலே மலைக்கு ஏறிப் பல மாதம் தாக்குப்பிடித்து, 1880 மார்ச்சில்தான் உடன்படிக்கை ஆனது. பிற்காலத்தில் நாகர் அரசியல் இயக்கத்தின் தலைவரான பிஸோவும் இந்த ஊர்க்காரர். வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்வதை அப்படியே கேட்கிற ஊர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2005இல் மத்திய அரசு உதவியோடு இது பசுமைக் கிராமமாக அறிவிக்கப்பட்டது, நடைபாதையும் படிகளும் போடப்பட்டன. அதற்கு ஏழு வருடம் முன்பே சரணாலயத்தை அவர்கள் அமைத்துவிட்டார்கள். விருந்தினர் அதற்கு அப்புறம் வந்தவர்கள்தான்.

தங்குவது வீடுகளில். ஊரில் ஒரு சுற்றுலா வளர்ச்சிக் குழு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் அவர்களிடம் கட்ட வேண்டும், வழிகாட்டியையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். வழிகாட்டி ஊர்ப் பையன், சமைப்பவர் வீட்டுக்காரர், கறியும் கீரையும் பக்கத்துத் தோட்டம். கொடுக்கிற பணம் ஊரை விட்டு வெளியே போவதற்கு வழியே இல்லை.

எங்கள் அறையில் இரண்டு கட்டில், கனமான கம்பளி, ஒரு ஜன்னல். குளிக்க வெந்நீர் ஒரு வாளி, விறகடுப்பில் காய்ச்சியது. நவம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்தரை, ஆறுக்குள் இரவுச் சாப்பாடு. முதல் நாள் பசியே இல்லாமல் உட்கார்ந்தோம், மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே வயிறு கேட்டது. அடுப்பங்கரைதான் அந்த வீட்டின் கூடம். நடுவில் நெருப்பு, மேலே பரணில் புகையில் தொங்கும் பன்றி இறைச்சி, சுற்றிலும் குட்டி முக்காலிகள். கல்ஹோ என்று ஒரு சாப்பாடு, அரிசியும் கீரையும் கொஞ்சம் புகைபோட்ட இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. நம் வீட்டில் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற கஞ்சி மாதிரி மனசுக்கு இதமாக இருக்கும். எண்ணெய் மிகக் குறைவு, மசாலா கிடையாது, மிளகாய் மட்டும் ராஜா மிர்ச்சா, பயங்கரக் காரம். பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சைவம். அவருக்குப் பூசணிக்காய், பீன்ஸ், கீரை, மூங்கில் குருத்து என்று வீட்டு ஆன்ட்டி தனிச் சட்டியில் தினமும் செய்து கொடுத்தார். (அங்கே வயதில் மூத்த பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சங்கடமே படமாட்டார்கள்.

ஒன்று என்னை உறுத்தியது. மாலை நேரத்தில் சில பயணிகள் யார் வீட்டு முற்றத்திலும் கேட்காமல் நுழைந்து, நெல் புடைத்துக்கொண்டிருந்த பாட்டியை முகத்துக்கு நேரே கேமரா வைத்துப் படம் எடுத்தார்கள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தயவுசெய்து கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உங்கள் வீட்டு வாசலில் அப்படி யாராவது வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

போகிற வழி: நாங்கள் சேலத்தில் கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி திமாப்பூரில் இறங்கினோம். கோவை, ஈரோடு, காட்பாடியிலும் நிற்கும். இரண்டு நாளுக்கு மேல் பயணம், முடியாதவர்கள் திமாப்பூருக்கு விமானத்தில் போகலாம். அங்கிருந்து கோஹிமா 70 கிலோமீட்டர், பகிர்வு டாக்ஸி கிடைக்கும். கோஹிமாவிலிருந்து கொனோமாவுக்கு வண்டி பேசிக்கொள்ள வேண்டும். நாகாலாந்துக்குள் நுழைய நமக்கு இன்னர் லைன் பர்மிட் கட்டாயம். இணையத்திலேயே வாங்கலாம், திமாப்பூரில் இறங்கும்போதே கையில் இருக்கட்டும். மதுவிலக்கு உள்ள மாநிலம், பாட்டில் எதுவும் எடுத்துப் போகாதீர்கள்.

டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமா பக்கத்தில் ஹார்ன்பில் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் கொனோமாவிலும் கூட்டம், அறைக்கும் வண்டிக்கும் விலை ஏறிவிடும். அமைதி வேண்டுமென்றால் அதற்கு முன்போ, பிப்ரவரி கடைசியில் அங்காமிகளின் செக்ரெனி பண்டிகையை ஒட்டியோ போங்கள். ஊர் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடை, வயல் வேலை எல்லாம் நின்று எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள். அதனால் ஞாயிறு போய் இறங்காதீர்கள். சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டால், மறுநாள் காலை வீட்டுக்காரர்களே உங்களையும் வாருங்கள் என்பார்கள். நாங்கள் மூவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டு அங்காமி மொழியில், ஒரு சொல்லும் புரியவில்லை. அத்தனை பேரும் நாலு குரலாகப் பிரிந்து பாடினார்கள். அப்பா பாட்டு முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.