பஃபி ஆறாவது சீசன்: அந்த இருள் தேவையாக இருந்ததா?

"அமானுஷ்யத் தொடர்கள் பிற்காலச் சீசன்களில் இருண்டுபோவது வழக்கமாகிவிட்டது. அந்த இருளுக்குக் கதையிலேயே நியாயம் இருந்தது என்று சொல்லத்தக்க தொடர் ஏதேனும் உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. 'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்' தொடரின் ஆறாவது சீசனைச் சொல்வேன். அந்தச் சீசன் முழுவதுக்கும் இந்தப் பாராட்டு பொருந்தாது. அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கதையின் திருப்பங்கள் அனைத்தையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன் என்பதால், இனிமேல் பார்க்க இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

1997 மார்ச்சில் அமெரிக்காவின் டபிள்யூபி தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், கலிஃபோர்னியாவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஸன்னிடேல் என்ற சிற்றூரில் நடக்கிறது. இரத்தம் குடித்து வாழும், வெயில் பட்டால் எரிந்துபோகும் வேம்பயர்களை அழிப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பஃபி சம்மர்ஸ் என்ற பெண்ணின் கதை இது. இளம் வயதின் அச்சங்களும் அவமானங்களும் பேயாகவோ பூதமாகவோ உருவெடுத்து வரும். அவள் அவற்றை எதிர்கொண்டு கொல்வாள் என்பதே முதல் சில சீசன்களின் இலக்கணம். ஐந்தாவது சீசனில் அந்த இலக்கணம் முதன்முறையாகப் பலமாக ஆட்டம் காண்கிறது. பஃபியின் தாய் ஜாய்ஸ், மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, எந்தப் பேயின் கையும் படாமல், வீட்டு வரவேற்பறை சோபாவில் இறந்து கிடக்கிறாள். அந்தச் சீசனின் இறுதியில், தொடரின் நூறாவது எபிசோடில், தங்கை டானையும் உலகத்தையும் காப்பதற்காக பஃபியே உயிரைக் கொடுக்கிறாள். 2001 மே 22 அன்று அது ஒளிபரப்பானது. பின்னர் தொடர் யூபிஎன் தொலைக்காட்சிக்கு மாறி, அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஆறாவது சீசனைத் தொடங்கியது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் அன்றாடப் பொறுப்பின் பெரும்பகுதியை மார்ட்டி நாக்சனிடம் ஒப்படைத்திருந்த காலம் அது.

நாயகி இறந்தால் எப்படியாவது திரும்பி வந்துவிடுவாள் என்பது எந்தப் பார்வையாளருக்கும் தெரிந்ததுதான். இங்கே எழுத்தாளர்கள் செய்த துணிச்சலான காரியம், அந்தத் திரும்பி வருதலையே சீசனின் மூலக் குற்றமாக ஆக்கியது. பஃபி ஏதோ ஒரு நரகத்தில் வதைபட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோழி வில்லோ நம்புகிறாள். ஒரு மான்குட்டியைக் கொன்று, அதை மற்றவர்களிடம் மறைத்து, மந்திரத்தால் அவளை உயிர்ப்பிக்கிறாள். மந்திரம் பாதியில் தடைபட்டதால் பலிக்கவில்லை என்று எண்ணி நண்பர்கள் ஓடிவிடுகிறார்கள். மண்ணுக்கடியில், பூட்டிய சவப்பெட்டிக்குள், இருட்டில் கண்விழிக்கும் பஃபி தன் கைகளாலேயே பெட்டியை உடைத்து மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறாள்.

மூன்றாவது எபிசோடான 'ஆஃப்டர் லைஃப்'பில் வரும் இரண்டு காட்சிகளுக்காகவே இந்தச் சீசனை நான் உயர்வாக மதிக்கிறேன். முதலாவதில், வீட்டு மாடிப்படியில் இறங்கி வரும் பஃபியின் சிதைந்த விரல்களை ஸ்பைக் என்ற வேம்பயர் பார்க்கிறான். அவை எப்படி அப்படி ஆயின என்று தங்கைக்குப் புரியவில்லை. சவப்பெட்டியைப் பிறாண்டிக்கொண்டு வந்தால் கைகள் அப்படித்தான் ஆகும் என்பது, தானும் அவ்வாறே எழுந்து வந்தவனான அவனுக்கு மட்டுமே தெரிகிறது. அவள் எத்தனை நாள் இல்லாமல் இருந்தாள் என்று கேட்கும்போது, யோசிக்காமல் நூற்று நாற்பத்தேழு என்கிறான். அன்புள்ள நண்பர்கள் யாரும் கவனிக்காத கைகளைப் பகைவனாக இருந்த ஒருவன் கவனித்துவிடுகிறான். அடுத்து வரும் பத்தொன்பது எபிசோடுகளில் அவர்கள் இருவருக்குமிடையே நேரப்போகும் நாசத்தின் விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

இரண்டாவது, எபிசோடின் கடைசிக் காட்சி. தன்னை நரகத்திலிருந்து மீட்டதற்காக நண்பர்களிடம் முறையாக நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் கூடும் மந்திரப் பொருள் கடையின் பின்புறச் சந்துக்கு வருகிறாள் பஃபி. வெயில் படாத நிழலில் ஸ்பைக் நிற்கிறான். தான் இருந்த இடத்தில் நிம்மதியாக இருந்ததாகவும், அது சொர்க்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றும், இங்கே எல்லாமே கடினமாகவும் கூசும் வெளிச்சமாகவும் வன்முறையாகவும் இருக்கிறது என்றும், நண்பர்களுக்கு இது ஒருபோதும் தெரியக் கூடாது என்றும் அவனிடம் சொல்கிறாள். குரல் உயரவே இல்லை. பேசி முடித்துவிட்டு, அவன் பின்தொடர முடியாத வெயிலுக்குள் நடந்து போய்விடுகிறாள். இருளைப் பகைவனின் இடமாகவும் வெளிச்சத்தை மனிதர்களின் இடமாகவும் ஐந்து ஆண்டுகளாகக் காட்டிவந்த தொடரில், வெளிச்சமே தாங்க முடியாததாக மாறும் கணம் அது.

இதன் பிறகு சீசன் செய்வதெல்லாம், அந்தத் துயரத்துக்கு ஒரு பேயைக் காரணமாகக் காட்ட மறுப்பதுதான். தாயின் மருத்துவச் செலவில் சேமிப்பு கரைந்துவிட்டது. வீட்டின் அடித்தளத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் நிரம்புகிறது. வங்கிக்குக் கடன் கேட்டுப் போகிறாள். அங்கே நுழைந்த பூதத்தை விரட்டி அதிகாரியின் உயிரைக் காப்பாற்றிய பின்னும் கடன் கிடைப்பதில்லை. உலகத்தைப் பலமுறை காத்தவள் ஹாம்பர்கர் கடையில் சீருடையும் தொப்பியும் அணிந்து மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கிறாள். இவை சலிப்பூட்டுகின்றன என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. தாயை இழந்த வீட்டில் அடுத்த மாதக் கட்டணங்களைத் தானே கட்டத் தொடங்கும் எவருக்கும் அந்தச் சலிப்பின் உண்மை தெரியும் என்பதால், நான் அதைக் குறையாக எண்ணவில்லை. முந்தைய சீசனில் குளோரி என்ற நரக தேவதை எதிரியாக இருந்தாள். இங்கே எதிரிகள் வாரன், ஜோனதன், ஆண்ட்ரூ என்ற மூன்று வெட்டிப் பையன்கள்.

நவம்பரில் வந்த 'ஒன்ஸ் மோர் வித் ஃபீலிங்' என்ற இசை எபிசோடைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் பாடல்களை வீடனே எழுதினார், நடிகர்கள் தம் சொந்தக் குரலில் பாடினார்கள். ஊரார் அனைவரையும் பாடவைக்கும் பூதத்தின் வசத்தில், பேச்சில் மறைத்து வைத்ததைப் பாட்டில் மறைக்க முடியாமல், தான் சொர்க்கத்திலிருந்து பிடுங்கி இழுக்கப்பட்டதை நண்பர்கள் முன் பஃபி பாடிவிடுகிறாள். வில்லோவின் முகம் அப்போது மாறுவதைப் பாருங்கள். நல்லது என்று எண்ணிச் செய்த, இனி மாற்ற முடியாத ஒரு காரியத்தின் முழு எடையும் அவள்மீது இறங்குகிறது.

ஆயினும் இந்தச் சீசனின் உச்சம் என்று நான் கருதுவது 'டெட் திங்ஸ்' எபிசோடின் முடிவை. ஸ்பைக்குடன் தனக்கு ஏற்பட்டுவிட்ட, தானே வெறுக்கும் உறவுக்கு விளக்கம் தேடுகிறாள் பஃபி. தலைக்குள் பொருத்தப்பட்ட ஒரு சில்லால், மனிதர்களை அடித்தால் ஸ்பைக்குக்குக் கடும் வலியெடுக்கும். அவளை அடித்தால் மட்டும் வலிப்பதில்லை. ஆகவே தான் மனுஷியாகத் திரும்பி வரவில்லையோ என்று, வில்லோவின் காதலியாக இருந்த, மந்திரம் தெரிந்த டாராவிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் எந்தக் கோளாறும் இல்லை, வெயிலில் தோல் கறுப்பது போன்ற மிகச் சிறிய மாற்றம்தான் என்று டாரா நல்ல செய்தியாகவே அதைச் சொல்கிறாள். அதைக் கேட்டு பஃபி உடைந்து போகிறாள். ஏதாவது கோளாறு இருந்தே ஆக வேண்டும் என்று கெஞ்சுகிறாள்; தன்னை மன்னித்துவிடாதே என்று டாராவின் மடியில் விழுந்து அழுகிறாள். தான் பேயாக இருந்தால் இந்த வெறுமைக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். மனச்சோர்வை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சியை வேறெந்த அமானுஷ்யத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

இதே அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் வில்லோவின் கதை எனக்கு வருத்தம் தருகிறது. தொடக்கத்தில் அவளுடைய பிரச்சினை மிக நுட்பமானது: தான் நேசிப்பவர்களின் வலியை அவர்களைக் கேட்காமலே அழித்துவிடத் துடிப்பது. பஃபியை எழுப்பியதும் அதனால்தான். காதலி டாராவுடன் நேர்ந்த சண்டையை டாராவின் நினைவிலிருந்தே மந்திரத்தால் துடைத்ததும் அதனால்தான். அது அன்பின் பெயரால் நடக்கும் ஆக்கிரமிப்பு, டாராவும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு பிரிந்து போகிறாள். 'ரெக்ட்' எபிசோடில் எழுத்தாளர்கள் இதையெல்லாம் கைவிட்டு மந்திரத்தைப் போதைப்பொருளாக மாற்றிவிட்டார்கள். ரேக் என்ற மந்திர வியாபாரியின் மறைவிடம், அங்கே மயங்கிக் கிடப்பவர்கள், கை நடுக்கம், தண்ணீர் பாட்டில், மீட்புக் கால உறுதிமொழிகள் என்று ஒரு பிரசாரப் படத்தின் சாமான்கள் அனைத்தும் வந்து சேருகின்றன. பஃபியின் துயரத்துக்குப் பேய் தேடாத அதே எழுத்தாளர்கள், வில்லோவின் குற்றத்துக்கு ஒரு பேயைத் தேடிக் கொடுத்துவிட்டார்கள். அவள் செய்தவற்றுக்கு அவள் பொறுப்பேற்க வேண்டிய இடத்தில், போதை பொறுப்பேற்றுக்கொள்கிறது.

2002 மே 7 அன்று வந்த 'ஸீயிங் ரெட்' எபிசோடில் இரண்டு கொடுமைகள் நிகழ்கின்றன. குளியலறையில் ஸ்பைக் பஃபியைப் பலவந்தப்படுத்த முயல்கிறான். அதைக் காட்டியதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கதை அவளுடைய காயத்தைவிட, ஆன்மாவைத் திரும்பப் பெற ஆப்பிரிக்கா போகும் அவனுடைய பயணத்தின் பின்னாலேயே அதிகம் போனதைத்தான் ஏற்க முடியவில்லை. மற்றொன்று டாராவின் மரணம். பஃபியைக் கொல்ல வாரன் சுடும்போது தவறிய தோட்டா ஒன்று மாடி ஜன்னலைத் துளைத்து டாராவைக் கொல்கிறது. கூரிய மரக்கட்டையும் வாளும் மட்டுமே பழகிய தொடரில் சாதாரணத் துப்பாக்கி செய்யும் கொலை என்ற வகையில், அது சீசனின் போக்கோடு பொருந்தவே செய்கிறது. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரு பெண்களின் காதல் நிதானமாகவும் மரியாதையாகவும் காட்டப்படுவது மிக அரிதாக இருந்த காலத்தில், பிரிந்த இருவரும் சேர்ந்து மகிழ்ந்திருந்த நேரத்திலேயே ஒருத்தியைக் கொன்றது, அந்த ஜோடியில் தம்மைக் கண்ட பார்வையாளர்கள் பலரை ஆழமாகக் காயப்படுத்தியது. மூன்று சீசன்களாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயரை அந்த ஒரு எபிசோடில் மட்டும் தொடக்கக் காட்சிகளில் சேர்த்திருந்தார்கள். பார்வையாளரின் அன்பைப் பொறியாகப் பயன்படுத்திய அந்தச் செயலை என்னால் இன்றும் நியாயப்படுத்த முடியவில்லை.

டாராவை இழந்த வில்லோ வாரனைத் தோலுரித்துக் கொல்வதும், உலகத்தையே முடித்துவிடத் துணிவதும் ஓரளவு எதிர்பார்த்தபடியே நடக்கின்றன. அவளைத் தடுத்த விதம்தான் சிறப்பு. பஃபி அப்போது நிலத்தடியில் சிக்கியிருக்கிறாள். எந்தச் சக்தியும் இல்லாத, தச்சு வேலை செய்யும் நண்பன் ஸான்டர் வெறுங்கையோடு குன்றின் மேல் வந்து நிற்கிறான். பாலர் பள்ளியின் முதல் நாளில் மஞ்சள் கிரேயானை உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லப் பயந்து அழுத சிறுமி வில்லோவை நினைவூட்டுகிறான். அவள் மந்திரத்தால் அவன் கன்னத்தையும் மார்பையும் கீறக் கீற, அவளை நேசிப்பதாக மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறான். குற்றத்தைச் சிறிதாக்காமல், குற்றவாளியையும் கைவிடாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் காட்சி நன்றாகவே அறிந்திருக்கிறது.

அதே நேரத்தில் நிலத்துக்கடியில், இதுவரை பொத்திப் பொத்திப் பாதுகாத்த தங்கையின் கையில் பஃபி ஒரு வாளைக் கொடுக்கிறாள். உன்னை உலகத்திடமிருந்து காக்க நினைத்தது போதும், உலகத்தை உனக்குக் காட்ட விரும்புகிறேன் என்கிறாள். அவள் குணமாகிவிட்டாள் என்று தொடர் சொல்வதில்லை. உயிரோடு இருக்க விரும்பத் தொடங்கியிருக்கிறாள் என்று மட்டும் காட்டுகிறது. இருபத்திரண்டு எபிசோடுகளின் இருளுக்கு ஈடாக எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் நேராக ஆறாவது சீசனுக்குப் போக வேண்டாம். ஐந்தாவது சீசனையாவது முழுமையாகப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் இழப்பின் அளவு புரியாது. பாலியல் வன்முறையைக் காண்பது கடினம் என்பவர்கள் 'ஸீயிங் ரெட்' எபிசோடின் குளியலறைக் காட்சியைத் தாண்டிச் செல்லலாம். தற்போது மனச்சோர்வில் இருப்பவர்கள், துணைக்கு ஒருவர் இருக்கும்போது பார்ப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.