சிவப்பு பைன் தோப்பில் கன்றுகள் ஏன் முளைப்பதில்லை?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சினில், மணற்பாங்கான நிலத்தில் வரிசையாக நட்ட சிவப்பு பைன் தோப்பு இருக்கிறது. மரங்களுக்கு வயது 40. கூம்புகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அடியில் ஒரு கன்றுகூட இல்லை. விதையில் கோளாறா?

பதில்: விதையில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. முளைவிட இடம் கொடுக்காதது தரைதான்.

முதலில் மரம் அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு பைனின் ஊசியிலைகள் இரண்டிரண்டாக இருக்கும்; 10 முதல் 16 செ.மீ. நீளம். வளைத்தால் படக்கென்று ஒடியும். ஸ்காட்ஸ் பைன் என்றால் இலை குட்டையாக, முறுக்கிக்கொண்டு இருக்கும். மேல்மரப் பட்டை ஆரஞ்சு நிறம்.

கூம்பு முதிர இரண்டு பருவங்கள் ஆகும். நல்ல காய்ப்பு 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். செப்டம்பர் வாக்கில் கூம்பு விரிந்து விதை உதிரும். அது விழுவது எங்கே? உதிர்ந்த ஊசியிலைச் சருகின் மேல். முளை வேர் மண்ணைத் தொடுவதற்குள் சருகு காய்ந்துவிடுகிறது, முளையும் கருகுகிறது. இயற்கைக் காட்டில் இந்தச் சருகை அவ்வப்போது தரைத்தீ எரித்து, மண்ணை வெளிக்காட்டியது. ஹேசல் புதர்களையும் அடக்கியது. கனத்த பட்டை இருப்பதால் பெரிய மரங்கள் பிழைத்துக்கொண்டன. தீயை அணைக்கத் தொடங்கியதும் அந்தச் சுழற்சி நின்றுபோனது.

சருகைக் கிளறி மண்ணைக் காட்டினால் போதுமா? பாதிதான் தீரும். இது நிழல் தாங்காத மரம். முளைத்த புதிதில் அரைநிழல் உதவும். சில ஆண்டுகள் போனதும் நிறைய வெயில் வேண்டும்.

வெயிலும் கிடைக்கட்டும், அதற்குமேல் டிப்ளோடியா பூஞ்சை இருக்கிறது. கீழே கிடக்கும் பழைய கூம்பு ஒன்றை எடுத்துச் செதில்களைப் பாருங்கள். மிளகுத் தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது இருக்கக்கூடும். மழைத்துளியோடு இறங்கும் பூஞ்சை வித்துகள் கீழுள்ள கன்றின் குருத்தைத் தாக்கும். நுனி வளைந்து பழுப்பாகும். பெரிய மரம் தாங்கும். கன்று செத்தே போகும். அதனால் தாய்மரத்தடியில் கன்று வளர்க்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி நெருக்கத்தைக் குறையுங்கள். 25–30 வயதிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. மர உயரத்தில் பச்சை விதானம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தால் தாமதம் ஏற்கெனவே மரத்தைப் பாதித்திருக்கிறது என்று பொருள். மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை முழுதாக எடுப்பது வழக்கம். மற்ற வரிசைகளில் நோஞ்சான், கோணல் மரங்களை எடுக்கலாம். ஒரேயடியாக அதிகம் எடுத்தால் ஒல்லியான மரங்கள் காற்றிலும் பனிச்சுமையிலும் சாயும்.

கூடுமானவரை குளிர்காலத்தில் வெட்டுங்கள். வெயில்காலத்தில் வெட்டினால் இரண்டு தொல்லைகள். பச்சைக் கழிவில் பட்டை வண்டுகள் பெருகி நிற்கும் மரங்களுக்குத் தாவும். புதிய அடிக்கட்டையில் ஹெட்டரோபசிடியான் வேரழுகல் பூஞ்சை வந்து இறங்கும். விஸ்கான்சினில் அது 1993-ல் கண்டறியப்பட்டது. வெட்டுமுகத்தில் போரேட் மருந்தை அன்றைக்கே பூசிவிட வேண்டும். அடிக்கட்டைக்குள் புகுந்த பிறகு பூசிப் பயனில்லை.

புதுக் கன்றுகளை, பெரிய மரங்களிலிருந்து விலகிய வெட்டவெளியில் நடுங்கள். மண் மணலாக, அமிலத்தன்மையோடு, நீர் வடிவதாக இருக்க வேண்டும்; களிமண் உதவாது. வசந்தத் தொடக்கத்தில், இரண்டு அல்லது மூன்று வயது நாற்றுகளை 2 முதல் 2.4 மீட்டர் இடைவெளியில் நடலாம். குழியில் வேர் மேல்நோக்கி மடங்காமல் நேராக இறங்கட்டும். மடங்கிய நாற்று பல ஆண்டுகள் கழித்துச் சாய்வதுண்டு. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் புல்லையும் புதரையும் அகற்றிக்கொண்டே இருங்கள். கன்றின் தலை புதருக்கு மேலே எழும்பியதும் அந்த வேலையை விட்டுவிடலாம்.