என் அண்ணனை அரிவாளால் வெட்டியவர்கள் மீது புகார் கொடுத்தும் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் மட்டும்தான் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர் போட மறுக்க போலீசுக்கு உரிமை உண்டா?

இல்லை. அரிவாள் வெட்டு பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். புகாரில் அப்படியொரு குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புகார் மெய்யா பொய்யா என்பதெல்லாம் பதிந்த பிறகு பார்க்க வேண்டியது.

சி.எஸ்.ஆர் என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர் போட்டால் அது மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். வழக்கை முடிப்பதென்றாலும் கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும். சி.எஸ்.ஆரை இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, "சமாதானமாகப் போகிறோம்" என்று கையெழுத்து வாங்கி மூடிவிடலாம். இழுத்தடிப்பதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான்.

"விசாரிச்சுட்டுப் போடறோம்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச்) சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருப்பது உண்மை. ஆனால் அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை போகும், அதற்கு இந்தச் சாக்கு செல்லாது.

அப்புறம், உங்கள் புகாரை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. ஒருவர் கொண்டுவந்த புகாரில் இரண்டு பக்கத்துக்கு வரப்புத் தகராறு, பட்டா, பங்காளிச் சண்டை. வெட்டு விழுந்த சங்கதி கடைசி வரியில்! "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்கோங்க" என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார். யார், எந்த நேரத்தில், எங்கே, எதனால், உடம்பில் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதை முதல் பத்தியில் வைத்து, வரப்பைக் கீழே தள்ளி மாற்றி எழுதினோம். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் குறித்துப் போடும் ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியையும் இணைத்தோம். வழக்கு பதிவானது.

அப்படியும் போடவில்லையா? அதே புகாரை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ் 175(3)-ன் கீழ் மனு. பிரமாணப் பத்திரம் கட்டாயம். எஸ்.பி.க்கு அனுப்பிய ரசீது இல்லாமல் வந்து நின்றால் நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்து அங்கே மாற்ற வேண்டும்; "அங்க போங்க" என்பது பதில் ஆகாது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுப்பதோ தனிக் குற்றமே: பி.என்.எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 199-ன்படி அந்த அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல்.

எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். "ஜெராக்ஸ் செலவு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.